நல்லாக் கழியுது

ஐயனார் மூன்றாவது தடவையாகக் கொல்லைக்கு எழுந்து போனபோது கல்யாணசுந்தரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூட இறக்காமல் கொல்லைக் கதவோரம் வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். கழிப்பறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி ஊற்றி, குழாயைத் திறந்து நிரப்பி, மறுபடியும் ஒரு வாளி ஊற்றினார். ஒரு சொம்புத் தண்ணீருக்கே சோம்பல்படுகிற மனுஷன் இப்போது இவ்வளவு சுத்தம் பார்க்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

புருஷனுக்கு வயிற்றால் போகிறது, இவள் நின்று சிரிக்கிறாளா என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அவள் இருந்த இருப்பு தெரிந்தால் நீங்களும் அந்தக் கதவோரம் நின்று சிரித்திருப்பீர்கள். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஐயனார் விசைப்படகு டிரைவர். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரியில் வீடு. காரைக்கால் துறைமுகத்திலிருந்து படகை எடுத்துக்கொண்டு போனால் மறுபடி ஆளைக் கரையில் பார்க்க ஒரு வாரம் ஆகும். பிள்ளை குட்டி இல்லை. கல்யாணமான புதிதில் மாங்கனித் திருவிழாவுக்குப் போய், மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்துக்கு மடியேந்தி நின்றவள்தான் சுந்தரி. பழம் கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. அதற்காக ஐயனார் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மாம்பழமாவது இனித்ததா இல்லையா, அதைச் சொல் என்பார். அவள் அழுதுகொண்டே சிரிப்பாள். அவளைச் சிரிக்க வைப்பதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார் அந்த மனுஷன்.

போன வருஷம் இருமல் வந்தது. பீடி இருமல், நாலு நாளில் போய்விடும் என்றார். போகவில்லை. சளியில் ரத்தம் தெரிந்த பிறகு புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நுரையீரலில் கட்டி என்றார்கள். கீமோ ஏற்றினார்கள். முடி போயிற்று, பசி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று. போக வேண்டிய கட்டி மட்டும் போகவில்லை. கொஞ்ச நாள் சுருங்குவதுபோலப் பாசாங்கு செய்துவிட்டு மறுபடியும் வளர்ந்தது.

அப்போதுதான் டாக்டர் பாரதிப்ரியா ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். டாக்டருக்குச் சொந்த ஊர் காரைக்காலை ஒட்டிய தருமபுரம். ஊர்க்காரர்கள் என்றால் கொஞ்சம் கூடவே நேரம் கொடுத்துப் பேசுவார். ஐயனாரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். இது கீமோ மாதிரி கட்டியை நேராகப் போய் அடிக்கிற மருந்து இல்லை, உங்கள் உடம்பையே அடிக்க வைக்கிற மருந்து என்றார். சுந்தரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்கம்மா. வேத்து ஆளு உள்ள வந்தா அடிக்கிறதுதான் அவங்க வேலை. ஆனா நம்ம ஆளையே அடிச்சிறக் கூடாதுல்ல? அதுக்காக நம்ம செல்லு மேல ஒரு அடையாளம் இருக்கும். காவக்காரன் கிட்ட வந்தா, 'நான் நம்ம ஆளு, விடு'ன்னு அது சொல்லும். அவனும் கைய இறக்கிட்டுப் போயிடுவான். இந்தப் புத்துநோய் அந்த அடையாளத்தைத் தானும் எடுத்து உடம்பு பூரா பூசிக்கிட்டு நிக்கிது. காவக்காரன் பக்கத்துலயேதான் இருக்கான். பாக்குறான். நம்ம ஆளுன்னு விட்டுட்டுப் போயிடுறான்."

ஐயனார் சட்டென்று பிடித்துக்கொண்டார். காரைக்கால்காரனுக்கு இதைப் பாடம் எடுத்தா சொல்ல வேண்டும்? கடலை விட்டால் மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாட்டு எல்லையும் செக்போஸ்டுமாக வாழ்கிற ஊர். சாராயப் பாட்டிலை வேட்டிக்குள் செருகிக்கொண்டு, என்ன மாமா சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே செக்போஸ்டைத் தாண்டிப் போகிறவன் மாதிரி என்று சொல்லுங்கள் என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அதேதாண்ணே. இந்த மருந்து அந்த அடையாளத்தை மறைச்சிடும். இனிமே யாரு மாமான்னு கூப்பிட்டாலும் காவக்காரன் விட மாட்டான்."

யாரு என்றால் எல்லாரும்தான். கள்ளனுக்குச் செல்லாத அடையாளம் வீட்டுக்காரனுக்கும் செல்லாது. வினையெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. சுந்தரியின் காதில் அது ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். காவல்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, வெளியே மருந்து கொடுக்கும் இடத்தில் ஐயனார் பெயரைக் கூப்பிட்டார்கள். தவறவிட்டால் மறுபடி மத்தியானம் வரை நிற்க வேண்டும் என்று சுந்தரி எழுந்து ஓடினாள். அவள் திரும்புவதற்குள் டாக்டர் சொல்ல வேண்டியதை ஐயனாரிடம் சொல்லி முடித்திருந்தார்.

காரைக்கால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். உடம்பில் ஏதாவது தெரிந்தால் போன் பண்ணச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு ஐயனார் கண்ணை மூடிக்கொண்டார். தரங்கம்பாடி வரும்வரை தூங்கினார்.

ஏதாவது தெரிய வேண்டும் என்று சுந்தரி அன்றைக்கிலிருந்து காத்திருந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு வரும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் தெரியவில்லை. மருந்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிற பொறுமை அவளுக்கு இல்லாததால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூசாரியைக் கூப்பிட்டுக் கழிப்பும் கழித்தாள். பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் ஐயனார் தலையைச் சுற்றிக் கடலில் போட்டுவிட்டு, பிடித்ததெல்லாம் இதோடு கழிந்துவிடும் என்று பூசாரி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஐயனாருக்கு வயிறு கழிய ஆரம்பித்தது.

இப்போது சொல்லுங்கள், அவள் என்ன நினைப்பாள்? காய்ச்சலோ கட்டியோ, எதுவானாலும் முதலில் பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணு என்கிற வீட்டில் வளர்ந்தவள். கெட்டது உள்ளே இருந்தால் நோய், வெளியே போனால் சுகம். பூசாரி கழியும் என்றார், கழிகிறது. டாக்டரம்மா சண்டை நடக்கும் என்றார், நடக்கிறது. செத்த நோய் வேறு எந்த வழியாகத்தான் வெளியே வரும்? ஐயனாரிடம் இதைச் சொன்னபோது அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினார்.

அவள் பழைய சுந்தரியாகிவிட்டாள். கொல்லையிலேயே குடித்தனம் வைத்துவிட்டீர்களா என்று அவரைக் கேலி செய்தாள். தலையைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டாள். கழிகிறதை நிறுத்திவிடக் கூடாதே என்று, வயிற்றைக் கட்டுகிற எதையும் அவருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டாள். கஞ்சியும் வெந்நீரும்தான். அவர் சட்டை தொளதொளவென்று ஆனதைப் பார்த்தாள். நோய் இறங்கினால் உடம்பும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்து விசாரிப்பது வழக்கம். மலையாளத்துப் பெண், நல்ல மாதிரி. தமிழும் ஓரளவு நன்றாகவே பேசுவாள். ஐயனாருக்கு எப்படி இருக்கிறது, தொந்தரவு ஏதும் உண்டா என்று கேட்டாள்.

"தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாக் கழியுது" என்றாள் சுந்தரி.

சந்தோஷம் அக்கா என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவள் ஊரில் சுகமாக நாளைக் கழிக்கிறோம் என்பதற்கும் ஏறக்குறைய இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். இவள் சொன்னது வயிறு, அவள் கேட்டது வாழ்க்கை. நடுவில் ஒரு மனுஷன் கரைந்துகொண்டிருந்தான்.

அது நோன்பு மாதம். பட்டினத்தில் தையல் மிஷின் வைத்திருக்கிற ரோஷன் பேகம் சுந்தரிக்குப் பல வருஷப் பழக்கம். வருஷம் தவறாமல் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைக்கும் சாயங்காலம் தூக்கோடு வந்தாள். ஐயனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தவருக்குக் குரல் வரவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. ரோஷன் பேகம் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சுந்தரி அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய், பயப்படாதீர்கள் அக்கா, மருந்து பிடித்திருக்கிறது, கழிகிறது என்று விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது.

ரோஷன் பேகத்தின் முகம் மலரவில்லை.

"நோயி கழியல சுந்தரி. ஆளு கழியுறாரு. டாக்டருக்குப் போனப் போடு" என்றாள்.

சுந்தரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வருஷம் கழித்து வந்த நல்லதைப் பொறுக்காத கண்ணா என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டது. கொல்லைக்குப் போக எழுந்த ஐயனார் நிலைப்படியிலேயே சரிந்து கிடந்தார். வேட்டி முழுக்க ரத்தம்.

ஆம்புலன்ஸில் போகும்போது சுந்தரி அவர் காலைப் பிடித்துக்கொண்டே போனாள். ரோஷன் பேகம் நோன்பு திறக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் கூடவே வந்தாள். சீர்காழி தாண்டிய பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

டாக்டர் பாரதிப்ரியா கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளாக இப்படி என்பதுதான். சுந்தரி நாளை எண்ணிச் சொன்னாள். டாக்டர் ஐயனார் பக்கம் குனிந்து கேட்டார்.

"வயித்தால போனா எந்த நேரமா இருந்தாலும் போன் பண்ணுங்கன்னு உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே?"

ஐயனார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "மறந்துட்டேன் டாக்டரம்மா" என்றார்.

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றினார்கள். நாலைந்து நாள் உயிர் இழுபறியாக இருந்தது. சுந்தரி வராந்தாவிலேயே கிடந்தாள். ஒரு காலையில் கழிச்சல் நின்றுவிட்டது என்று மலையாளத்துப் பெண்தான் ஓடிவந்து சொன்னாள். போனில் பேசியது தான்தான் என்று சொல்லி அவளும் அழுதாள். அழுகிறவளைத் தேற்றுவதா, தான் அழுவதா என்று தெரியாமல் சுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கேன் படம் ஒன்று மேஜையில் இருந்தது. போன தடவை எலுமிச்சம்பழம் அளவு இருந்த கட்டி இப்போது அதில் பாதிகூட இல்லை என்றார். மருந்து வேலை செய்திருக்கிறது. காவல்காரர்கள் கட்டியை அடித்திருக்கிறார்கள். அடிக்கிற வேகத்தில், அடையாளம் தெரியாமல் குடலையும் வேற்றாள் என்று நினைத்து அடித்திருக்கிறார்கள். வயிற்றால் போனதெல்லாம் நோய் இல்லை, குடல். அந்தச் சண்டையை நிறுத்த வேண்டுமானால் காவல்காரன் கையைக் கட்டித்தான் ஆக வேண்டும், அதற்குத்தான் ஸ்டீராய்டு என்று டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

சுந்தரி படிக்காதவள்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"அவன் கையக் கட்டிப் போட்டுட்டா, கட்டிய யாருங்க பாத்துக்குவா?"

டாக்டர் ஸ்கேன் படத்தைத் தள்ளி வைத்தார். இந்த மருந்தை இனி ஐயனாருக்குக் கொடுக்கவே முடியாது, கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடும் என்றார். சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் கட்டி அப்படியே அடங்கிக் கிடப்பதுண்டு, நமக்கும் அடங்கிக் கிடக்கட்டும் என்றார். கழிச்சல் ஆரம்பித்த அன்றைக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுந்தரி கேட்டாள். அதை ஏன் இப்போது என்று டாக்டர் தட்டிக் கழிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா அநேகமா மாத்திரையிலயே நின்னிருக்கும்மா. கொஞ்ச நாள் விட்டு மறுபடி அந்த மருந்தையே ஏத்தியிருக்கலாம். உங்ககிட்டயும் நேரா நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

டாக்டர் தன் தப்பு என்று சொன்னது சுந்தரியின் காதில் விழவே இல்லை. மாத்திரையிலேயே நின்றிருக்கும் என்பது மட்டும் விழுந்தது. பூ வைத்துக்கொண்டதும், கேலி பேசியதும், கதவோரம் நின்று சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்த ஐயனாருக்கு மாத்திரை தொடர்ந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டுக்கு ஒரு குணம் உண்டு. பசியைக் கிளப்பிவிடும், முகத்தை உப்ப வைத்துவிடும். குடல் ஆறி, மீன் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஐயனாரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் இட்லி ஆன கையோடு பழைய சோறு கேட்டார். மத்தியானம் சங்கரா மீன் குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டார். ஒட்டிப்போயிருந்த கன்னம் நிரம்பிப் பளபளத்தது. முடியும் முளைத்திருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் ஐயனார் பிழைத்து எழுந்துவிட்டார் என்றார்கள். பூசாரி வந்து, கழிப்பு வீண் போகவில்லை பார்த்தாயா என்று கேட்டுவிட்டுத் தேங்காய் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஊர் முழுவதும் சந்தோஷப்படுகிற ஒன்றைப் பார்த்து உள்ளுக்குள் வேகிறவள் சுந்தரி ஒருத்திதான். சாகிற அடையாளத்தைப் பார்த்துச் சுகம் என்று சிரித்தவள் அவள். இப்போது சுகம்போல இருப்பதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. காவல்காரன் கையைக் கட்டியிருக்கிற கயிறு அந்தக் கன்னத்துப் பளபளப்பு என்று அவளுக்கு மட்டும் தெரியும். யாரிடம் சொல்வாள்? ஐயனார் தட்டை நீட்டும்போது குழம்பை ஊற்றினாள். சிரிப்பை மட்டும் அவளால் கொண்டுவர முடியவில்லை. பூவும் வைக்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகளெல்லாம் கரையில் நின்றன. கூடவே வேலை பார்த்த கலைவாணன் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வான். தடை முடிந்ததும் நீங்கள்தான் வீல் பிடிக்க வேண்டும், நீங்கள் இல்லாமல் படகு படகாகவே இல்லை என்பான். ஐயனாரும் வலை தைப்பதைப் பற்றி, இஞ்சின் வேலை பார்ப்பதைப் பற்றி எல்லாம் யோசனை சொன்னார். அவர் நிஜமாகவே நம்புகிறாரா என்று சுந்தரிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

தடை முடிகிற வாரத்தில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை டாக்டர் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பேசினார். கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. ஈரலிலும் சின்னதாக இரண்டு தெரிந்தன. வேறு ஒரு கீமோ இருக்கிறது, கொஞ்ச நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார். ஐயனார் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, நீங்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்று ஐயனார் கூப்பிட்டார். தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பிவிட்டிருந்தன. தூரத்தில் நாலைந்து புள்ளி தெரிந்தது. மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு பைபர் படகின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஐயனார் கொஞ்ச நேரம் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எது யார் படகு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன்னாலதான் இப்புடி ஆச்சுன்னு நெனச்சு வெந்துகிட்டு இருக்க. எனக்குத் தெரியுது."

சுந்தரி மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நான் மறக்கல சுந்தரி" என்றார் ஐயனார். "வயித்தால போனா உடனே சொல்லணும்னு டாக்டரம்மா சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ரத்தம் போறதும் தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "அப்பறம் ஏங்க சொல்லல?"

ஐயனார் மறுபடி கடலைப் பார்த்தார்.

"மொத நாளே சொல்லத்தான் வந்தேன். நீ கதவோரமா நின்னு சிரிச்சுகிட்டு இருந்த. எத்தனை மாசம் கழிச்சு சிரிச்ச. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். நீ தலையில பூ வேற வச்சுகிட்டியா, அப்பறம் எங்க சொல்றது."

சுந்தரிக்கு அந்த வாளிச் சத்தம் காதில் கேட்டது. ஒரு வாளி ஊற்றி, குழாயைத் திறந்து நிரப்பி, மறுபடியும் ஒரு வாளி. சுத்தம் பார்க்கிறார் என்று அவள் சிரித்தாளே, அது சுத்தம் இல்லை. ரத்தத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று, நிற்கத் தெம்பில்லாத மனுஷன் வாளி வாளியாகத் தூக்கி ஊற்றிக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும். கழுவிவிட்டு வந்து அவள் கேலிக்குச் சிரிக்கவும் செய்திருக்கிறார்.

அவள் அவரை அடித்தாள். தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். பாவி மனுஷா, என் சிரிப்பு உனக்கு உயிரைவிடப் பெரிதா என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ஐயனார் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது, அவள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். அவள் எவ்வளவு நேரம் அழுதாளோ, அதுவரை தட்டிக்கொண்டே இருந்தார். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒரு டிரைவர் திரும்பி வரும்போது கரையில் ஒரு விளக்கு எரிந்தால் அதைப் பார்த்துக்கொண்டுதானே வருவான் என்று மெல்லச் சொன்னார்.

வெயில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தார்கள். ஐயனாருக்கு மூச்சு வாங்கியது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெரு முனையில் கலைவாணனின் பெண்டாட்டி குடத்தோடு நின்றிருந்தாள். ஐயனாரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"என்ன அண்ணி, அண்ணன் மாப்பிள்ளை மாதிரில்ல ஆயிட்டாரு. இனிமே உங்களைக் கையிலயே புடிக்க முடியாது."

சுந்தரி தோளில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஐயனார் வேறு எங்கும் பார்க்கவில்லை, அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரி சிரித்தாள்.